பெட்டிக்கு மணி சொன்னது யாரு

கேள்வி கேக்குறது எனக்குக் கொழுப்புன்னு எங்க லயத்துல பேசிக்குவாங்க. பேசட்டும். வாய் இருக்குறது சோறு திங்க மட்டுமா? மலையில கொழுந்து எடுக்கப் போறப்ப கங்காணி "இந்த நெரையில போ"ன்னா, "ஏன், அந்த நெரைக்கு என்ன வந்துச்சு"ன்னு கேக்காம எனக்குக் காலு நகராது. என் பேரு பாக்கியலெட்சுமி. பாதிப் பேருக்கு அது மறந்தே போச்சு, கேள்விக்காரின்னாத்தான் தெரியும். அப்படிப்பட்டவ, கேக்க வேண்டிய ஒரே ஒரு கேள்விய மூனு மாசம் கேக்காம விட்டுட்டேன். அத நெனச்சு இன்னைக்கும் என்னைய நானே திட்டிக்கிறேன்.

நடந்தது ரெண்டாயிரத்து ஆறாம் வருசம். எங்க தேயிலத் தோட்டம் பெரகல சந்திக்கு மேல. மலை உச்சியில ஒரு ஊத்து, ஊத்துக்குக் கீழ பெரிய டேங்க். அந்த டேங்குலருந்து ரெண்டு பைப் எறங்குது. தடிசானது கீழ டவுனுக்கு. மெல்லிசு எங்க லயத்துக்கு, தோட்டத்து சனங்க இருக்குற வரிச வீடு அறுபத்திநாலு. டவுன் பேரு வேணாம், சொன்னா சண்டைக்கு வருவாங்க.

அந்த டேங்குக்கு வால்வுக்காரரு எங்க வீட்டுக்காரரு கந்தப்பன். ராத்திரி பூரா டேங்க் நெறையணும். காலையில நாலரைக்கு மெல்லிசு பைப்பத் தொறக்கணும். அஞ்சரைக்கு அத மூடிட்டுத் தடிசு பைப்பத் தொறக்கணும். அதுக்கப்பறம் தண்ணி பூரா டவுனுக்குத்தான். அங்க இருக்கிற டேங்க் நெறைஞ்சா தானா நின்னுக்கும். லயத்துக்கு நாளைக்கு அந்த ஒரு மணி நேரந்தான். ஆக்குறதுக்கு, குடிக்கிறதுக்கு, புள்ளைங்களக் கழுவி பள்ளிக்கூடம் அனுப்புறதுக்கு, எல்லாத்துக்கும் அதுக்குள்ள புடிச்சு வச்சுக்கணும். புடிச்சு வச்சுட்டு பெரட்டுக்கு ஓடணும். பேர் கூப்புடுறப்ப இல்லேன்னா அன்னைக்கு வேலையில்ல.

இவரு நேரம் தப்பாத மனுசன். ரேடியோவுல மணி சொல்றப்ப கையில கட்டியிருக்கிற கடியாரத்த சரி பாத்துக்குவாரு. பொண்டாட்டி பேச்ச மறப்பாரு, வால்வ மறக்க மாட்டாரு.

மார்ச் மாசம் பதுளையிலருந்து ஒரு ஜீப் வந்துச்சு. வெளிநாட்டு ஒதவியில என்னமோ தண்ணித் திட்டமாம். அதுல எறங்குனவருதான் ஸ்ரீஸ்கந்தராஜா சார், யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனுசன், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். டேங்குக்கு அடியில, தடிசு பைப் கெளம்புற எடத்துல, சாம்பல் நெறத்துல ஒரு பெட்டிய மாட்டுனாரு. மேல ஒரு சின்ன சோலார் தகடு. பக்கத்துல வெரல் நீளத்துக்கு ஒரு ஏரியல்.

நான் கொழுந்துக் கூடையோட அந்த வழியா வந்தவ, நின்னுட்டேன். "இது என்னா சார்?"

"இது தண்ணி எண்ணுற பெட்டி, அக்கா."

"தண்ணிய எப்புடி சார் எண்ணுவீங்க? தேங்காயா அது?"

சாரு சிரிச்சாரு. கோவப்படல, அதுக்காகவே எனக்குப் புடிச்சுப் போச்சு. "பைப்புக்குள்ள சின்னச் சக்கரம் ஒண்டு இருக்கு. தண்ணி போனா அது சுத்தும். எத்தினை தரம் சுத்தினது எண்டு பெட்டி எண்ணும். பெட்டிக்குள்ள செல்போன்ல போடுற சிம் இருக்கு. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா பதுளையில இருக்கிற என்ர கொம்பியூட்டருக்கு மெசேஜ் அனுப்பும்."

"யாரு டைப் பண்ணுவா?"

"ஒருத்தரும் இல்லை. தானா."

அடி ஆத்தாடி. எங்க மலையில, எங்க ஊத்துத் தண்ணி, யாரும் தொடாம பதுளைக்குச் சேதி சொல்லுது! எனக்கு ஒரு வாரம் அதே நெனப்புதான். ராத்திரி தண்ணி ஓடாதப்ப என்னா அனுப்பும், சும்மா இருக்கேன்னு அனுப்புமா? மழ பேஞ்சா சிம் நனையாதா? குருவி வந்து ஏரியல்ல குந்துனா சேதி மாறிடுமா? ஒவ்வொன்னா கேட்டேன். ராத்திரி சைபர் சைபர்னு அனுப்புமாம். நனையாதாம். குருவியால ஒன்னும் ஆகாதாம். இனிமே எங்க பைப் ஒடஞ்சாலும், எங்க தண்ணி கொறஞ்சாலும், ஆபீஸ்ல குந்திக்கிட்டே கண்டுபுடிச்சு டவுன் சனங்களுக்கு ஒழுங்கா தண்ணி குடுக்கலாம்னு சாரு சொன்னாரு. மத்த பதினோரு டவுனுக்கும் இதே மாதிரி பெட்டி வரப்போகுதாம், இங்க சரியா வேல செஞ்சா.

"நல்ல வேல சார்"னு மனசாரத்தான் சொன்னேன்.

மே மாசம் நடுவுல சாரு திரும்ப வந்தாரு. இந்தத் தடவ மொகத்துல சிரிப்பு இல்ல. இவரக் கூப்புட்டு ஒரு காயிதத்தக் காட்டுனாரு. கோடு கோடா ஒரு படம். நான் பக்கத்துல நின்னு எட்டிப் பாத்தேன்.

"கந்தப்பன் அண்ணை, இஞ்சை பாருங்கோ. மார்ச்சில ஒவ்வொரு நாளும் அஞ்சரைக்கு டவுனுக்குத் தண்ணி துவங்கியிருக்கு. நல்லது. சித்திரை வருஷப் பிறப்பு முடிஞ்ச கையோட பாருங்கோ, ஆறு மணி. அடுத்த நாளும் ஆறு. ஒரு மாசமா ஆறு. இந்த அரை மணித்தியாலத் தண்ணி எங்கை போகுது?"

இவரு தெகைச்சுப் போயிட்டாரு. "இல்லீங்க சார், அஞ்சரைக்குத்தான் தொறக்குறேன். ஒரு நாள்கூட தவறல."

"அண்ணை, நான் உங்களைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. ஆனா பெட்டிக்கு லயத்தில சொந்தக்காரர் இல்லை. உங்களுக்கு இருக்கினம்."

அந்த வார்த்த இவருக்குத் தைச்ச மாதிரி எனக்கும் தைச்சுச்சு. சொந்தக்காரங்க இருக்குறது ஒரு குத்தமா? சாரு மனசுல கெட்டது இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். அவரு கைல ஒரு கடுதாசி இருந்துச்சு, மேலருந்து வந்தது. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா வால்வு வேல டவுன் ஆளுக்குப் போயிரும். அதோட மெல்லிசு பைப்பையும் கழட்டிருவாங்க, லயத்துக்குத் தண்ணி பவுசர் வண்டி அனுப்புவாங்களாம். எங்க ரோட்டுக்கு பவுசரா! மழ பேஞ்சா கொழுந்து லொறியே ஏற மாட்டேங்குது. நாலரைக்கு முன்னாடி லயத்துக்குத் தொறக்கவும் கூடாதுன்னு அதுலயே எழுதியிருந்துச்சு.

அன்னைக்கி இவரு சோறு திங்கல. "பாக்கியம், எனக்குப் பைத்தியமா? நான் அஞ்சரைக்குத்தானே தொறக்குறேன்?"ன்னு என்னையக் கேட்டாரு.

நான் என்ன செஞ்சிருக்கணும்? பெட்டியப் பத்திக் கேட்டிருக்கணும். அத விட்டுட்டு, நானே ஒரு பதில உண்டாக்கிக்கிட்டேன். பெட்டி புதுசு, உள்ள இருக்குற சக்கரம் தண்ணி வந்த ஒடனே சுத்தாது போல, இறுகிப்போயி அரை மணி நேரம் சண்டித்தனம் பண்ணிட்டுத்தான் சுத்துது போலன்னு நெனச்சேன். எங்க பேக்டரியில பழைய ரோலர் அப்படித்தான். மெசினுன்னா மெசினுதானேன்னு ஒரு கணக்கு.

"பெட்டி அரை மணி நேரம் மெத்தனம்"னு சொன்னேன். "அது அஞ்சரைன்னு சொல்லணும்னா நீங்க அஞ்சுக்கே தொறக்கணும். நாளையிலருந்து அஞ்சுக்கு லயத்த மூடுங்க."

"அப்ப லயத்துக்கு அரை மணி நேரந்தானே?"

"பைப்பையே கழட்டிட்டாங்கன்னா அதுவும் கெடையாது. வேலையும் போச்சுன்னா நாம எங்க போறது? மூடுங்கன்னா மூடுங்க."

இவருக்கு மனசே இல்ல. அப்பறம் சரின்னாரு. எங்கிட்ட இல்லேன்னு சொல்லிப் பழக்கமில்ல அவருக்கு.

அஞ்சுக்கு மூட ஆரம்பிச்சதும் பெட்டி அஞ்சரைன்னு அனுப்புச்சு. ஜூன் மாசம் சாரு ஆள் மூலமா சொல்லி அனுப்புனாரு, இப்ப எல்லாம் சரி, ரொம்ப நன்றின்னு. நான் என் மூளைய நெனச்சு நானே மெச்சிக்கிட்டேன். அந்தக் கர்வத்துக்கு என்னைய நாலு சாத்து சாத்தணும்.

லயத்துல பீலியடியில சண்ட. பீலின்னா எங்க பக்கம் சனங்க தண்ணி புடிக்கிற எடம். அறுபத்திநாலு வீட்டுக்கு அரை மணி நேரம் எந்த மூலைக்கு? பாதிக் கொடத்தோட திரும்பிப் போறவ, குடுமியப் புடிக்கிறவ, வெறுங்கொடத்தோட பெரட்டுக்கு ஓடுறவ. மழையும் இல்ல, ஊத்தும் வத்திக்கிட்டு வந்துச்சு. கந்தப்பன் டவுன்காரனுக்கு மருமகனாப் போயிட்டான்னு பேசுனாங்க. இவரு கேக்குறவங்களுக்கெல்லாம் "ஆர்டர்"னு ஒரே வார்த்த சொல்லிட்டு நடந்துக்கிட்டே இருப்பாரு. பெட்டிக் கதைய சொன்னா, நாமளே பெட்டிய ஏமாத்துறோம்னு ஆபீஸ் வரைக்கும் போயிருமேன்னு பயம்.

எல்லாத்துலயும் மோசம் பெரியாயி. அவ இவரோட கூடப் பொறந்த தங்கச்சி. எனக்கு நாத்தனா. அவ மக தனுஜா சித்திரையிலதான் பெத்தா. கைக்கொழந்த இருக்கிற வீடு, துணி அலசவே நாலு கொடம் வேணும். ஒரு நாள் வழியில பாத்து, "எங்கண்ணன் கை வெளங்காமப் போகட்டும்"னு மண்ண வாரித் தூத்துனா. சொந்தத் தங்கச்சி. இவரு வீட்டுக்கு வந்து சொவத்தப் பாத்துக்கிட்டு படுத்துட்டாரு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்களே, அதுதான். நான் வாயத் தொறக்கல.

ஆகஸ்டுல தனுஜா புள்ளைக்கு சாதகம் எழுத அப்புத்தளைக்குப் போனோம். பெத்தவளோட தாய்மாமன் வீட்டு ஆளு இல்லாம சாதகம் எழுதப்படாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். இவரு வால்வ விட்டுட்டு வர முடியாது, அதனால நான் போனேன். பஸ்ஸுல பெரியாயி எனக்கு முதுகத் திருப்பிக்கிட்டே வந்தா. மூனு மைல் வளைவுக்கும் அந்த முதுகுதான் எனக்கு வேடிக்க.

ஸ்டேசனுக்குக் கீழ சோசியர் வீடு. மூக்குக் கண்ணாடியும் பஞ்சாங்கமுமா குந்தியிருந்தாரு. "பொறந்த தேதி?"

"ஏப்ரல் பதினஞ்சு"ன்னா தனுஜா.

"நேரம்?"

"ராத்திரி பன்னெண்டு பத்து. ஆஸ்பத்திரித் துண்டுல இருக்கு."

சோசியர் பேனாவ வச்சுட்டாரு. கண்ணாடியக் கழட்டி எங்க மூனு பேரையும் பாத்தாரு. "மொதப் பன்னெண்டு பத்தா, ரெண்டாவது பன்னெண்டு பத்தா?"

பெரியாயி கோவத்த மறந்துட்டு எம்பக்கம் திரும்பிட்டா. "என்னாங்க சாமி, ஒரு ராத்திரிக்கு எத்தன பன்னெண்டு பத்து?"

"அன்னைக்கு ராத்திரிக்கு ரெண்டும்மா"ன்னாரு சோசியர். "தொண்ணூத்தாறுல கரண்ட மிச்சம் புடிக்க நாட்டுக் கடியாரத்த முன்னுக்குத் தள்ளுனாங்கள்ல? புது நேரம், பழைய நேரம்னு பத்து வருசமா அல்லாடுனோமே? இந்தச் சித்திரை வருசப் பொறப்புக்கு மறுநாள் ராத்திரி பன்னெண்டரை ஆனதும் அரை மணி நேரத்தப் பின்னுக்கு இழுத்து திரும்பப் பன்னெண்டு ஆக்குனாங்க. அப்ப அந்த அரை மணி நேரம் ரெண்டு தரம் நடந்துச்சு. உங்க புள்ள எதுல பொறந்துச்சு?"

தனுஜா முழிச்சா. பாவம், அவ இருந்த நெலமையில கடியாரமா பாத்திருப்பா? "சொவத்துக் கடியாரத்தப் பாத்துத்தான் நர்ஸ் எழுதுனாங்க."

"அந்தக் கடியாரத்த யாரு திருப்புனா? எப்பத் திருப்புனா? ராத்திரியே திருப்புனாங்களா, விடிஞ்சு வந்து திருப்புனாங்களா?" சோசியர் சிரிச்சாரு. "நாட்டுல நேரம் மாறிப் போச்சுன்னு கடியாரத்துக்குத் தானா தெரியாதும்மா. யாராவது ஒருத்தரு போய்த் திருப்பணும்."

எனக்கு அந்த எடத்துலயே காது அடைச்சுப் போச்சு. சித்திரை வருசப் பொறப்பு முடிஞ்ச கையோடன்னு சாரு சொன்னாரே. அரை மணித்தியாலம்னு சொன்னாரே. இவரு கைக்கடியாரத்த இவரு திருப்புனாரு. பேக்டரிக் கடியாரத்த கிளார்க்கு திருப்புனாரு. ரேடியோக்காரன் திருப்புனான். எல்லாரும் திருப்பிட்டு, அப்படி ஒன்னு நடந்ததையே மறந்துட்டு அவங்கவங்க வேலையப் பாத்தோம். மலை உச்சியில மூஞ்சி இல்லாத பெட்டி ஒன்னு குந்தியிருக்கே, அதுக்கு யாரு போய் மணி சொன்னது?

சோசியர் ரெண்டு நேரத்துக்கும் ரெண்டு சாதகம் எழுதித் தரேன், புள்ளயோட கொணத்தப் பாத்து எதுன்னு வச்சுக்கங்கன்னு பேசிக்கிட்டு இருந்தாரு. பெரியாயி அதுக்கும் ஒரு சண்டைக்கு ரெடியானா. நான் எந்திரிச்சுப் போயி பஸ் ஏறிட்டேன்.

பெரகல சந்தியில நிஸாம் பாயோட கொமியூனிகேசன் கடை. அங்கருந்துதான் நாங்க போன் பேசுவோம். சாரு நம்பரு இவருகிட்டக் குடுத்த துண்டுல இருந்துச்சு, அத நான் எப்பவும் பர்சுல வச்சிருப்பேன். நிஸாம் பாய் நம்பரப் போட்டு ரிசீவர எங்கையில குடுத்தாரு.

"சார், நான் பாக்கியலெட்சுமி. வால்வுக் கந்தப்பன் வீட்ல. ஒரே ஒரு கேள்வி சார். ஒங்க பெட்டிக்குள்ள கடியாரம் இருக்கா?"

"ஓம் அக்கா, இருக்கு. இல்லாட்டி எத்தினை மணிக்குத் தண்ணி வந்தது எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு இப்ப மணி என்னா சார்?"

"அது மெஷின், அக்கா. அது பிழை விடாது."

"பிழை விடாது சார். ஆனா சித்திரையில நாட்டுல நேரத்த மாத்துனாங்களே, அத யாரு சார் அதுக்குப் போய்ச் சொன்னது?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கட்டாயிடுச்சோன்னு நிஸாம் பாயப் பாத்தேன். மீட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்குன்னு கையாலக் காட்டுனாரு.

"நான் நாளைக்கு வாறன்"னு சொன்னாரு சாரு.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் வந்துட்டாரு, டிரைவர்கூட இல்லாம, மோட்டார் சைக்கிள்ல. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு டேங்கடியில நின்னேன். இவரும் நின்னாரு, கையக் கட்டிக்கிட்டு. சாரு பெட்டியத் தொறந்து ஒரு வயர மாட்டி லெப்டொப்புல சொருகுனாரு. என்னமோ தட்டுனாரு. திரையில நம்பர் வந்துச்சு. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். பத்து நாப்பத்தேழு. இவரு மணிக்கட்டத் திருப்பிக் காட்டுனாரு. பத்து பதினேழு.

சாரு அப்படியே தடிசு பைப் மேல குந்திட்டாரு.

"என்ர அம்மா வன்னியில இருக்கிறா"ன்னாரு. "அங்கை இயக்கத்தின்ர ஆட்சி, பத்து வருஷமா நேரத்தை மாத்தவேயில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகேக்கையும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிறனான். திரும்பி வரேக்கை முன்னுக்கு. இந்த அரை மணித்தியாலத்தோட நான் படாத பாடு இல்லை. எனக்கே இது விளங்காமப் போச்சே."

நான் பேசுனேன். நாங்க அஞ்சுக்கே மூடுறதயும் சொல்லிட்டேன். மறைச்சு என்ன ஆகப்போகுது? மே மாசத்துலருந்து பெட்டி அஞ்சரைன்னு சொல்றது எங்க அஞ்சு மணின்னு சொன்னேன். லயத்துக்குப் பாதித் தண்ணிதான்னு சொன்னேன்.

சாரு மொகம் வெளுத்துப் போச்சு. "அப்ப டவுனுக்குக் கூடுதலா வந்தது…"

"எங்களுது சார்."

அவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு. வெசயம் என்னான்னா, அவரு ரிப்போர்ட் எழுதிட்டாராம். பெட்டி மாட்டுனதால டவுனுக்கு நாளைக்கு அரை மணித்தியாலத் தண்ணி கூடுதலாக் கெடைக்குது, ஒழுங்கும் வந்துருச்சுன்னு படம் போட்டு எழுதிட்டாராம். வெளிநாட்டுக்காரங்க பாத்துக் கை தட்டி, பதினோரு டவுனுக்கும் காசு தரோம்னுட்டாங்களாம். இப்ப கடியாரத்தத் திருப்பி இவரும் அஞ்சரைக்கே தொறந்தா, அந்த அரை மணி நேரம் காணாமப் போயிரும்.

"டவுனுக்குத் தண்ணி குறைஞ்ச மாதிரிக் காட்டுமே, அக்கா"ன்னாரு, எங்கிட்ட ஞாயம் கேக்குற மாதிரி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "காட்டட்டும் சார்! எங்களுக்குக் கொறஞ்சது எந்தப் பெட்டியில காட்டுச்சு? மெல்லிசு பைப்புல நீங்க பெட்டியே வைக்கலியே! அறுபத்திநாலு வீட்டுப் பொம்பளைங்க காலி கொடத்த வச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டாங்களே, அது பதுளைக்கு மெசேஜ் வந்துச்சா? ஒங்க கம்பியூட்டர்ல எங்களுக்கு சைபர்கூட இல்ல சார்."

"பாக்கியம்"னு இவரு என் கையப் புடிச்சாரு. நான் ஒதறிட்டேன். அப்பறம் அழுகையும் வந்துருச்சு, அதுவும் அவரு முன்னால.

சாரு நெடுநேரம் லெப்டொப்பப் பாத்துக்கிட்டே இருந்தாரு. காத்து அன்னைக்கு ஊவா மாகாணம் முழுக்க வீசுற ஆகஸ்டு காத்து, அவரு காயிதமெல்லாம் படபடன்னு அடிச்சுக்குது. கடைசில ஒரு தட்டு தட்டுனாரு. நம்பர் மாறுச்சு. பதினொன்னு இருவத்தொன்னு இருந்த எடத்துல பத்து அம்பத்தொன்னு. அவ்வளவுதான், ஒரு வெரல் தட்டு. மூனு மாச வசவு அந்த ஒரு தட்டுல அடங்கியிருந்துச்சு.

அங்கயே பைப் மேல குந்தி ரெண்டு கடுதாசி கையால எழுதுனாரு. ஒன்னு அவரோட மேலதிகாரிக்கு, ஒன்னு எங்களுக்குக் காப்பி. வால்வுக்காரரு மேல எந்தப் பிழையும் இல்ல, பெட்டியோட நேரத்த மாத்தாம விட்டது தன்னோட பிழைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, வாசிச்சும் காட்டுனாரு. "உங்கட பைப்புக்கும் ஒரு பெட்டி கேட்டு எழுதிறன். குடுப்பினமோ தெரியாது"ன்னாரு. இவருகிட்டப் போயி, "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ"ன்னு கைய நீட்டுனாரு. இவரு அந்தக் கையப் புடிக்கிறதுக்கு முன்னாடி தன்னோட கைய இடுப்புல கட்டியிருந்த சாரத்துல ரெண்டு தரம் தொடச்சுக்கிட்டாரு. சாருக்கு வெளக்கம் கேட்டு மேலருந்து கடுதாசி வந்துச்சுன்னு பின்னால கேள்விப்பட்டோம். அவரு எங்ககிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல.

மறுநாள் காலையில நான் பீலியடிக்குப் போனேன். மணி நாலே முக்கா. பொழுது விடியல, அங்கங்க டார்ச் லைட்டு. என்னையப் பாத்ததும் பேச்சு நின்னு போச்சு. நான் ஓரமா நின்னேன்.

அஞ்சு மணி நெருங்க நெருங்க அவதி கூடுச்சு. ஒருத்தி கொடம் நெறையிறதுக்குள்ள இன்னொருத்தி இழுத்துத் தள்ளுறா. "நிக்கப் போவுது, நிக்கப் போவுது"ன்னு ஒரே சத்தம். அஞ்சு ஆச்சு. தண்ணி நிக்கல. அஞ்சு அஞ்சு. நிக்கல. எல்லாரும் கைய எடுத்துட்டு பீலியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. தண்ணி பாட்டுக்கு ஊத்துது, கீழ கொடம் வைக்க ஆளு இல்ல. மூனு மாசத்துல மொத தடவையா ஒருத்தரும் ஒருத்தரையும் தள்ளல.

அப்பத்தான் சொன்னேன். பெட்டிக் கதையப் பூராவும் சொன்னேன். கடியாரம் தப்பா இருந்ததச் சொன்னேன். அப்பறம், "ஆனா அஞ்சுக்கு மூடச் சொன்னது பெட்டி இல்ல, சாருமில்ல. நாந்தான். அவருக்கு மனசில்ல. நாந்தான் மூட வச்சேன்"ன்னு சொன்னேன்.

பெரியாயிதான் இடுப்புல கொடத்தோட எம்முன்னால வந்து நின்னா.

"தெரியும்"னா.

எனக்கு ஆச்சரியம் தாங்கல. அந்த நேரத்துலயும் கேள்விதான் வந்துச்சு. "எப்புடித் தெரியும்? ஒங்கண்ணன் சொன்னாரா?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? தண்ணி பாதியாப் போன அன்னையிலருந்து, லயத்துல இருக்கிறவ எல்லாம் முந்திக்கிட்டு வந்து நின்னா. மூனு மாசமா இந்த வரிசையில இல்லாதது ஒரே ஒரு கொடந்தான். அது ஒன்னோடது."

நெசந்தான். ஒங்ககிட்டயும் இத நான் இவ்வளவு நேரம் சொல்லல. இவரு டேங்குலருந்து திரும்பி வர்றப்ப எல்லா நாளும் ரெண்டு கேன் தண்ணி கொண்டாந்துருவாரு. நான் கொண்டாரச் சொன்னேன். எனக்கு ஒரு நாளும் தண்ணிக் கஷ்டம் வரல. அதனாலதான் மூனு மாசம் அந்தக் கேள்வி எனக்குத் தோணவேயில்லன்னு, அங்க நின்னப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.

பெரியாயி கொடத்த அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டா. "நாளைக்கு வெறுங்கையோட வந்து நிக்காத. கொடத்தோட வா. கடைசில நில்லு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

மறுநாள் கொடத்தோட போனேன். கடைசிலதான் நின்னேன். என் மொறை வந்தப்ப மணி அஞ்சு இருவத்தஞ்சு. தண்ணி இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.